படிப்பும் பராக்கும்: கடல் கடந்த மாணவர் சிலரின் நாட்கணக்கு

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களை வகுத்துரைக்கப் புகுந்த தொல்காப்பியர் ஓதலை முதற்கண் வைத்தார். பகையும் தூதும் அதன் பின்னரே வந்தன. கல்வி கருதிப் பிரியும் பிரிவு மூன்றாண்டிற்கு மேற்படலாகாது என்று கற்பியலில் எல்லையும் கட்டினார். ஆனால் அவ்வாறு பிரிந்து சென்ற தலைவன் அயலூரில் பொழுது புலர்ந்தது முதல் உறங்கும் வரை என்ன செய்தான், ஆசிரியர் முன் இருந்த நேரம் எவ்வளவு, கடைத்தெருவில் நின்ற நேரம் எவ்வளவு என்பதை இலக்கணமும் சொல்லவில்லை, அகப்பாடல்களும் சொல்லவில்லை. பிரிந்திருந்தவளின் துயரைப் பாடிய புலவர்களுக்குப் பிரிந்து போனவனின் நாட்குறிப்பு கிட்டவில்லை போலும்.

ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அந்த நாட்குறிப்பே ஆகும். வெளிநாடு சென்று பயின்ற மாணவர் சிலர் தம் நாளைப் படிப்பிற்கும் பராக்கிற்கும் எவ்வாறு பங்கிட்டனர் என்பதைக் காண முயல்வோம். 'பராக்கு' என்னும் சொல்லின் போக்கே வியப்புக்குரியது. அரசன் அவைபுகும்போது கட்டியக்காரன் அச்சொல்லைக் கூவியது 'கவனி' என்பதற்காக. இன்றோ கவனம் சிதறி அங்கும் இங்கும் பார்த்து நிற்பதற்கு அதுவே பெயராயிற்று. ஒரே சொல்லுக்குள் இவ்விரு பொருளும் அடங்கிக் கிடப்பதை இக்கட்டுரையைப் படிப்போர் மனத்திற் கொள்வது நலம்.

மும்பைத் தமிழராகிய நமக்கு இது வெறும் ஆராய்ச்சிப் பொருள் அன்று. நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நம் பாட்டன்மார் இந்நகருக்கு வந்தது பிழைப்பிற்காக. தாராவியில் பத்தடி அறையிலும், மாட்டுங்காவின் பழைய மாடிக் குடியிருப்புகளிலும், செம்பூரின் காலனிகளிலும் வேரூன்றிய அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று லண்டனுக்கும் மெல்போர்னுக்கும் டொரண்டோவுக்கும் படிக்கப் போகின்றனர். வங்கிக் கடனுக்குத் தந்தை பிணையெழுதுகிறார்; தாயின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது; நம்போன்ற அரசு ஊழியர் ஓய்வூதியக் கணக்கில் எடுக்கத்தக்கது எவ்வளவு என்று விதிப்புத்தகத்தைப் புரட்டுகின்றனர். பின்னர் ஒருநாள் கைப்பேசியில் ஒரு படம் வருகிறது: பெரிய சக்கரத்தின் முன்னோ, பழைய கோட்டையின் முன்னோ பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறான். தாய் மகிழ்கிறாள். தந்தையின் வாய் மட்டும், "இவன் படிக்கப் போனானா, ஊர் சுற்றப் போனானா?" என்கிறது. அக்கேள்விக்கு வரலாற்றில் விடை உண்டா என்று தேடியபோது கிடைத்தவற்றையே கீழே எழுதுகின்றோம்.

முதலில், கணக்கு எழுதி வைத்தவரிடமிருந்து தொடங்குவதே முறை. 1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறிய மோகன்தாஸ் கரம்சந்த் காந்திக்கு வயது பத்தொன்பது நிரம்பவில்லை. மனைவியையும் சில மாதக் கைக்குழந்தையையும் விட்டுச் சென்றார். கடல் கடந்தால் சாதி கெடும் என்று கூறிப் பம்பாயில் வாழ்ந்த அவர் குலத்துப் பெரியவர்கள் அவரைச் சாதிநீக்கம் செய்தே அனுப்பினர். பணம் தமையனார் தந்தது.

அக்காலப் பாரிஸ்டர் படிப்பு இன்றைய மாணவருக்குக் கதைபோலத் தோன்றும். பன்னிரண்டு பருவங்கள் 'காக்க' வேண்டும். பருவம் காத்தலாவது, விடுதிக் கழகத்தில் நடைபெறும் விருந்துகளில் பருவத்திற்கு ஆறேனும் உண்ணுதல். மரக்கறி உண்பவரும் மது தொடாதவருமாகிய காந்திக்கு அங்கே கிடைத்தவை ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு. நால்வருக்கு இரண்டு புட்டி மது என்பது வழக்கமாதலால், தம் பங்கைக் குடிக்காத இவ்விளைஞரைத் தம் மேசையில் அமர்த்திக்கொள்ளப் பிற மாணவர் போட்டியிட்டனர். தேர்வுகளோ சில மாத உழைப்பில் அடங்குவன. ஆகவே ஓய்வு மிகுந்திருந்தது. அந்த ஓய்வை அவர் முதலில் எவ்வாறு செலவிட்டார் என்பதைச் சத்திய சோதனையில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். பாண்டுத் தெருவில் பத்துப் பவுனுக்கு மாலை உடை. பத்தொன்பது ஷில்லிங்கிற்கு உயர்ந்த தொப்பி. தமையனுக்கு எழுதி வரவழைத்த இரட்டை வடத் தங்கக் கடிகாரச் சங்கிலி. நடனம் கற்க மூன்று பவுன். வயலின் வாங்க மூன்று பவுன். சொற்பொழிவுப் பயிற்சிக்கு ஒரு கினி. தாளத்திற்குக் கால் ஒத்துவரவில்லை. ஏறத்தாழ மூன்று மாதத்தில் அம்மயக்கம் தெளிந்தது.

தெளிந்தபின் நடந்ததுதான் நம்போன்ற எழுத்தர்களின் உள்ளத்தைக் கவர்வது. பேருந்துக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த செப்புக்காசு ஈறாக அன்றன்று எழுதி, உறங்கப்போகுமுன் இருப்பைச் சரிபார்த்தார். குடும்பத்தோடு தங்குவதை விட்டார். இரண்டு அறைகளைச் சுருக்கி ஓர் அறையாக்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே காய்ச்சினார். ஒரு நாள் உணவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் முடிந்தது. அலுவல்களுக்கு நடந்தே சென்று நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். வண்டிக் கூலி மிஞ்சியதோடு உடலும் உறுதிப்பட்டது. அந்நடையில் லண்டன் மாநகரும் அவர் கண்ணில் பட்டிருக்குமன்றோ? சிக்கனமும் பராக்கும் ஒரே வழியில் நடந்து சென்ற அருமையான எடுத்துக்காட்டு இது.

ஆயினும் முழுமையான பராக்கு ஒன்றும் அவர் கணக்கில் உண்டு. பாரிசு நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியைக் காண அவர் ஏழு நாள் சென்று தங்கினார். அது 1890ஆம் ஆண்டு என்று அவர் நினைவிலிருந்து எழுதுகிறார். கண்காட்சி நடந்ததோ 1889 மே முதல் அக்டோபர் வரை. நகரத்தின் வரைபடத்தைக் கையில் கொண்டு பெரும்பாலும் நடந்தே சுற்றினார். மரக்கறி உணவகம் ஒன்றைத் தேடிக்கொண்டார். பழம்பெரும் தேவாலயங்களின் அமைதி அவர் உள்ளத்தில் நிலைத்தது. அப்போதுதான் எழுந்து நின்ற ஈபிள் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். அதன் முதல் தளத்தில் இருந்த உணவகத்தில், அவ்வளவு உயரத்தில் உண்டோம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஏழு ஷில்லிங்கை வீசியெறிந்ததாகப் பின்னாளில் எழுதினார். ஏழு ஷில்லிங் என்பது எண்பத்துநான்கு பென்ஸ். ஒரு நாள் உணவிற்குப் பதினைந்து பென்ஸ் என்ற அவருடைய சிக்கனக் கணக்கின்படி ஐந்தரை நாளைக்கு மேற்பட்ட சாப்பாடு! கோபுரத்தைப் பின்னர் அவர் குறைத்தே பேசினார்; அதைப் பழித்த டால்ஸ்டாயின் கருத்தோடு உடன்பட்டார். ஏறிப் பார்க்காமல் குறை சொல்லவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கதே.

1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். 12ஆம் நாளே கப்பலேறினார். தொல்காப்பியரின் மூன்றாண்டு எல்லைக்குள் திரும்பிவிட்டார். ஆனால் பம்பாய்த் துறைமுகத்தில் எதிர்கொண்ட தமையனார், அதுகாறும் மறைத்து வைத்திருந்த செய்தியைச் சொன்னார்: தாயார் முன்னரே மறைந்திருந்தார். அயல்நாட்டு மாணவனின் கணக்கில் எந்தப் பத்தியிலும் எழுத முடியாத செலவு இது.

லண்டனில் பயின்ற தமிழர் சிலரின் நாள் வேறு திசையில் திரும்பிற்று. வரகனேரி வ.வே.சு. ஐயர் 1907இல் பாரிஸ்டர் படிப்பிற்கென்று லண்டன் சென்றார். திருவரங்கத்து டாக்டர் தி.சே.சௌ. ராஜனும் அக்காலத்தில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தார். இவர்களுக்குப் பாடத்திற்கும் பராக்கிற்கும் இடையே மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. அது ஹைகேட் பகுதியில் இருந்த இந்தியா இல்லம். 1909 அக்டோபர் 24ஆம் நாள் விசயதசமி விருந்திற்கு மாணவர்கள் தாமே சமையல் செய்தபோது, ஒல்லியான ஒருவர் வந்து தட்டுக் கழுவுவதிலும் காய்கறி நறுக்குவதிலும் உதவினாராம். அவரே அன்று மாலை தலைமை தாங்க வேண்டிய காந்தி என்பது பின்னர்தான் தெரிந்தது என்று ராஜன் எழுதி வைத்தார். ஐயர் 1910இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி சேர்ந்த வரலாறு பலரும் அறிந்தது, விரிக்கிற் பெருகும்.

அடுத்து நாம் காண்பவர் நம் இனத்தவர். தமிழர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எழுத்தர் என்பதற்காகவும் சொல்கிறோம். சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு இருபது பவுன் ஊதியத்தில் வேலை செய்பவன் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, 1913 ஜனவரியில் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய சீனிவாச இராமானுசன், 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறி ஏப்ரலில் இங்கிலாந்து அடைந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. அதில் 50 பவுன் கும்பகோணத்திலிருந்த குடும்பத்திற்குச் சேரும்படி ஏற்பாடு. அயல்நாட்டு மாணவன் ஊருக்குப் பணம் அனுப்பும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று.

இராமானுசனின் நாளுக்குக் கால அட்டவணை கிடையாது. கணக்கு வந்தால் இரவு பகல் அறியார். பராக்கு என்று அவர் கணக்கில் எழுதத்தக்கது ஞாயிற்றுக்கிழமைக் காலை நடை ஒன்றே. உடன் நடந்தவர், பின்னாளில் புள்ளியியல் மேதையாக விளங்கிய பிரசந்த சந்திர மகலனோபிசு. இரவில் குளிர் தாங்க முடியவில்லை, மேற்சட்டையைப் போட்டுச் சால்வையும் போர்த்திப் படுக்கிறேன் என்று இராமானுசன் சொல்லக் கேட்டு, மகலனோபிசு அறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் படுக்கை விரிப்பின் அடியில் ஒழுங்காகச் செருகி வைக்கப்பட்டிருந்தன. அவற்றினுள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியாது. எண்களின் அந்தரங்கத்தை அறிந்தவருக்கு ஆங்கிலேயர் கட்டிலின் அந்தரங்கம் தெரியவில்லை. சிரிப்பை மூட்டும் இந்நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் நமக்குத் துயரமே மிகுகின்றது. நாலு வீடு சென்று, நாலு பேர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று பார்த்திருந்தால் ஒரு குளிர்காலத்தை அவர் நடுங்காமல் கழித்திருக்கலாம். பராக்குப் பார்ப்பதில் இத்தகைய பயனும் உண்டு என்பதைப் பெற்றோர் எளிதில் ஒப்புவதில்லை.

போர் மூண்டது, காய்கறி அரிதாயிற்று, மரக்கறி உணவை அவர் கைவிடவில்லை. அடுப்பில் காயைக் கிண்டிக்கொண்டே, மகலனோபிசு இதழிலிருந்து படித்துக் காட்டிய புதிருக்குத் தொடர்பின்னத்தில் பொதுவிடை சொன்ன கதை கணித உலகில் புகழ்பெற்றது. படிப்பும் சமையலும் ஒரே நேரத்தில் நடந்த அந்த அறையில், 1917இல் நோய் புகுந்தது. பின்னர் மருத்துவ இல்லங்களே அவர் கண்ட இங்கிலாந்து. ராயல் கழகத்து உறுப்பினர் என்ற பெருமையோடும் மெலிந்த உடலோடும் 1919 மார்ச் இறுதியில் அவர் வந்திறங்கிய துறைமுகமும் நம் பம்பாயே. வரவேற்க வந்திருந்தவர்கள் தாயாரும் தம்பியும். மனைவி ஜானகியைக் காணாமல் அவர் முதலில் கேட்டது அவரைப் பற்றியே. பிரிவு ஐந்தாண்டு ஆகியிருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார்.

பராக்கே பாடமாக வாய்த்தவரும் ஒருவர் நம்மிடையே உண்டு. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1930களில் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக்கலை பயின்றார். கண்ணைத் திறந்து வைத்துத் தெருவில் நிற்பதே அக்கல்விக்கு வீட்டுப்பாடம். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. 1940இல் அப்படம் வெளிவந்தது; அதே ஆண்டு அவருடைய 'உலகம் சுற்றும் தமிழன்' என்னும் பயண நூலும் வெளிவந்தது. பராக்குப் பார்ப்பவன் கவனித்துப் பார்த்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எனினும் செட்டியாருக்கு வாய்த்த பாடம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

இதுவரை கூறியவற்றை ஒரு தட்டிலும் இனிக் கூறப்போவதை மறு தட்டிலும் வைக்கலாம். தாதர் இந்து காலனியில், மாட்டுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், 'ராஜகிருகம்' என்னும் இல்லம் நிற்கின்றது. 1930களில் தம் நூல்களுக்கு இடம் வேண்டி அண்ணல் அம்பேத்கர் கட்டிய வீடு அது. அந்நூல்கள் எத்தகைய நாட்களிலிருந்து வந்தவை என்பதை அதன் வழியே அன்றாடம் போகும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறைக்குள் குடும்பம் முழுதும் வாழ்ந்த காலத்தில், சிறுவன் முன்னிரவிலேயே உறங்கிவிடுவான். தந்தையார் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, பின் மகனை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் தாம் படுப்பார். தாராவியில் வளர்ந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இடமில்லாத அச்சிறுவன் புத்தகத்தோடு சென்று அமர்ந்த இடம் சர்னி ரோடு தோட்டம். ஊரார் காற்று வாங்க வரும் பூங்கா அவனுக்குப் படிப்பறையாயிற்று. அங்கேதான் ஆசிரியர் கேளுஸ்கர் அவனைக் கண்டார். அவரது அறிமுகத்தால்தான் பின்னர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் உதவி கிட்டிற்று.

மாதம் பதினொன்றரைப் பவுன் என்ற கணக்கில் மூன்றாண்டு உதவித்தொகை. தொல்காப்பியரின் எல்லையே மன்னரின் எல்லையாகவும் அமைந்தது! 1913 ஜூலையில் நியூயார்க் சேர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அம்பேத்கர், அத்தொகையிலிருந்தே வீட்டிற்கும் அனுப்பினார். அவர் அந்நகரில் சுற்றிய இடங்களில் நாம் உறுதியாகச் சொல்லத்தக்கவை பழைய புத்தகக் கடைகள். ஏறத்தாழ 2000 நூல்கள் வாங்கினார் என்பர். அவற்றுள் ஒரு பகுதியே பின்னாளில் கைக்கு வந்தது. 1916இல் லண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தது, படிப்பு பாதியில் நின்றது, 1917இல் திரும்பினார். தனிக் கப்பலில் அனுப்பிய உடைமைகள் நீர்மூழ்கிக் கப்பலின் குண்டிற்கு இரையாயின.

விட்ட படிப்பை முடிக்க 1920இல் அவர் மீண்டும் லண்டன் சென்ற முயற்சியே நம் கட்டுரையின் உயிர்நிலை. சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராக இருந்து சேமித்த பணம் சிறிது. கோலாப்பூர் சாகு மகாராசர் அளித்த உதவி சிறிது. கொலம்பியாவில் உடன் பயின்ற பார்சி நண்பர் நவல் பதேனா தந்த கடன் 5000 ரூபாய். மனைவி ரமாபாய் பரேலில் வறுமையோடு போராடிக் குடும்பம் நடத்தினார்.

அங்கே அவருடைய நாள் எவ்வாறு கழிந்தது என்பதைத் தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் காணலாம். விடுதிக்கார அம்மையார் தரும் அற்பமான காலையுணவு. பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திற்கு நடை. கதவு திறக்கும் போது உள்ளே செல்பவர் மூடும்போதுதான் வெளியே வருவார். நண்பகல் உணவிற்குக் காசும் இல்லை, அதற்காக எழுந்து செல்ல மனமும் இல்லை. மாலையில் சிறிது உணவு, மறுபடியும் படிப்பு. நள்ளிரவு கடந்து பசி எழும்போது, தெரிந்தவர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளங்களே துணை. நம் வீட்டுப் பந்தியில் பாயசத்தோடு நொறுக்கி மகிழும் அப்பளம், அங்கே ஓர் அறிஞரின் இரவுச் சாப்பாடாக இருந்திருக்கிறது! இனியேனும் உறங்கலாகாதா என்று உடனுறைந்தவர் கேட்டால், உணவிற்குப் பணமும் உறக்கத்திற்கு நேரமும் தம்மிடம் இல்லை. படிப்பை விரைவில் முடித்தாக வேண்டும் என்பதே அவர் விடையின் கருத்து.

அந்த வறுமைக்கு ஒரு கணக்கியல் காரணமும் உண்டு. 1920ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ரூபாயின் மாற்று மதிப்பு இரண்டு ஷில்லிங்கிற்கும் மேலே இருந்தது. 1921இல் அது ஒன்றேகால் ஷில்லிங் அளவிற்குச் சரிந்தது. ரூபாய் இரண்டு ஷில்லிங்காக இருந்தால் 5000 ரூபாய்க்கு 500 பவுன் கிடைக்கும். ஒன்றேகால் ஷில்லிங்கானால் 312 பவுனோடு நின்றுவிடும். ஊரிலிருந்து வரும் பணம் வழியிலேயே கரைவதைக் கண்ட அந்த மாணவர், 1921 செப்டம்பரில் சாகு மகாராசருக்கு எழுதி 200 பவுன் கடன் கேட்க நேர்ந்தது. அவர் அப்போது ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் யாது தெரியுமா? ரூபாயின் சிக்கல்! வயிற்றைக் கிள்ளிய சிக்கலையே ஏட்டில் ஆராய்ந்தவர் உலகில் மிகச் சிலராகவே இருப்பர். டாலர் விலை ஏறும்தோறும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தை மனக்கணக்குப் போடும் பெற்றோர் இந்த இடத்தை மெல்லப் படிக்க வேண்டுகிறோம்.

1922இல் ஆய்வேட்டை அளித்தார். தேர்வாளர்கள் சில பகுதிகளைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். லண்டனில் தங்கித் திருத்தப் பணமில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார், அவ்வாண்டிலேயே டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது, நூலும் வெளிவந்தது. லண்டன் பட்டத்தின் கடைசிப் பக்கங்கள் எழுதப்பட்டது நம் நகரில் என்பது பெருமைக்குரிய செய்தியே; அதன் காரணம் பெருமைக்குரியதன்று.

இவ்விடத்தில் நம் கருத்து ஒன்றைக் கூற விழைகின்றோம். அண்ணல் பதினெட்டு மணி நேரம் படித்தார், நீ எட்டு மணி நேரமாவது படிக்கலாகாதா என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அவருடைய உழைப்பைப் போற்றுவது தக்கதே. ஆனால் அவருடைய பட்டினியைப் பாடத்திட்டமாக்குவது தகாது. பராக்கிற்கு ஒரு மணி நேரமும் இல்லாத நாளை அவர் விரும்பித் தேர்ந்துகொண்டதாக நாம் பேசுகிறோம். அந்நாளை அவர்மீது சுமத்தியது கையில் இல்லாத பணமும், நாட்டில் இல்லாத நீதியும் ஆகும். பிறர் அவ்வாறே படிக்கட்டும் என்று அவர் விட்டுவிடவுமில்லை. வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது 1942இல் அரசுக்கு அளித்த விண்ணப்பத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு அயல்நாட்டுக் கல்விக்கும் உதவித்தொகை வேண்டும் என்று கேட்டார். விடுதலைக்குப்பின் 1954-55இல் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. இன்று மகாராட்டிர அரசும் அத்தகைய உதவித்தொகை ஒன்றை வழங்குகின்றது. அதற்கு ராஜர்ஷி சாகு மகாராசரின் பெயர். 200 பவுன் கடன் வேண்டிக் கடிதம் எழுதப்பட்டது யாருக்கோ, அவர் பெயரே!

இன்றைய மாணவரின் நாளில் இரண்டு பங்கன்று, மூன்று பங்கு. பிரிட்டனில் பட்டம் பயிலும் அயல்நாட்டு மாணவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரம் வரை கூலிக்கு உழைக்கலாம் என்பது விதி. கடையில் பெட்டி அடுக்குவதும், உணவகத்தில் தட்டுக் கழுவுவதும் அவர்கள் நாளில் சேர்ந்துவிட்டன. அவற்றைப் படம் பிடித்து யாரும் வீட்டிற்கு அனுப்புவதில்லை. நமக்கு வருவது பூங்காவின் படமும் பாலத்தின் படமும் மட்டுமே. படத்தில் உள்ளதை வைத்து நாளை அளப்பது, வரவுப் பத்தியை மூடிவிட்டுச் செலவுப் பத்தியை மட்டும் தணிக்கை செய்வதற்கு ஒப்பாகும். எந்த அலுவலகத்திலும் அத்தணிக்கை செல்லாது. பிறரைச் சொல்வானேன்? மும்பைக்கு வந்து இருபதாண்டு கழிந்தும் படகேறி எலிஃபண்டா குகையைப் பார்க்காதவர் நம் சங்கத்தில் எத்தனை பேர் என்று கைதூக்கச் சொன்னால் மண்டபம் நிறைந்துவிடும். ரயிலைப் பிடிப்பதும் ரேஷன் வாங்குவதுமாகவே நம் நாட்கள் போயின. நாம் பாராததைப் பிள்ளை பார்க்கிறான் என்பதும் ஒரு வரவுதானே.

இன்னொன்றும் நினைவிற்கு வருகின்றது. அம்பேத்கர் நாள்முழுதும் குனிந்து படித்த அந்நூலகம் இருந்தது எங்கே? உலகமெல்லாம் திரண்டு வந்து காணும் அருங்காட்சியகத்தின் நடுவே, 1857இல் திறக்கப்பட்ட 140 அடி விட்டமுள்ள வட்டக் கூடத்தில். சுற்றிலும் எகிப்தியப் பிணப்பேழைகளும் கிரேக்கச் சிலைகளும் இருந்தன. சென்னை வழியாகக் கொண்டுசெல்லப்பட்ட அமராவதித் தூபியின் புத்தர் சிற்பங்களும் அவ்வருங்காட்சியகத்தின் உடைமை. லண்டனின் தலைசிறந்த காட்சிக்கூடத்திற்கு நாள் தவறாமல் சென்றவர் அவர், சென்றது ஏடுகளுக்காக.

1921-22இல் அவர் தங்கியிருந்த கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டை 2015இல் மகாராட்டிர அரசு 30 இலட்சம் பவுனுக்கு மேல் விலை கொடுத்து வாங்கி, அவ்வாண்டு நவம்பரில் நினைவில்லமாகத் திறந்தது. லண்டனில் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறை நாளில் அங்கே சென்று படம் எடுத்து அனுப்புகின்றனர். அப்படத்தைக் கண்டு புருவம் நெரித்த தந்தையரை நாம் இதுவரை கண்டதில்லை. அவ்வீட்டிலிருந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஏறத்தாழ மூன்று மைல். பிரிம்ரோஸ் குன்றைத் தாண்டி ரீஜண்ட் பூங்காவின் ஓரமாக நடந்தால் வழியிலேயே உயிரியல் பூங்கா இருக்கிறது. அருங்காட்சியகத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உயிரியல் பூங்காவிற்கு உண்டு.